நிரந்தரமாகிவிட்ட நோமோட்செட்

இரண்டு கிராபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்பில் லினக்ஸ் போட்டவர்களில் பலருக்குப் பழக்கமான சொல் நோமோட்செட். லோகோ தோன்றி, திரை கறுத்து நின்றுவிட்டால் முதலில் கிடைக்கும் யோசனை அதுதான். கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் அந்த ஒற்றைச் சொல்லைச் சேர்த்து எஃப்10 அழுத்தினால் பெரும்பாலும் டெஸ்க்டாப் வந்துவிடும். உபுண்டுவின் 'சேஃப் கிராபிக்ஸ்', ஃபெடோராவின் 'பேசிக் கிராபிக்ஸ்' ஆகிய நிறுவல் தெரிவுகளும் உள்ளே செய்வது இதைத்தான். அதனால் இதைக் குறுக்குவழி என்று ஒதுக்க முடியாது. நிறுவி முடித்த பிறகும் அதை கிரப் கோப்பில் எழுதி நிரந்தரமாக்குகிறார்களே, கோளாறு அங்கேதான்.

திரையின் தெளிவுத்திறனை அமைக்கும் வேலை 2009 வாக்கில் கெர்னலுக்குள் வந்தது. அந்த வேலையை டிரைவர்கள் செய்யவிடாமல் தடுப்பதுதான் நோமோட்செட். இன்டெலும் என்விடியாவும் சேர்ந்த லேப்டாப்பில் திரையை ஓட்டுவது வழக்கமாக இன்டெல்; என்விடியா வரைந்து தருவதையும் அதுவே வாங்கிக் காட்டும். கறுப்புத் திரைக்குக் காரணம் பல சமயம் என்விடியா சிப்போடு மல்லுக்கட்டும் நூவோ என்ற திறமூல டிரைவர். நோமோட்செட்டோ ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் இன்டெலின் ஐ915 டிரைவரையும் சேர்த்தே முடக்கிவிடுகிறது. பிறகு ஃபர்ம்வேர் விட்டுச்சென்ற ஒரே தெளிவுத்திறனில்தான் படம். வரையும் சுமை முழுக்க சிபியுவின் தலையில். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது, வெளி மானிட்டர் வராது, வீடியோ ஓடினாலே விசிறி இரையும். லினக்ஸ் லேப்டாப்பைச் சூடாக்குகிறது என்று தீர்ப்புச் சொல்பவர்களில் சிலராவது இந்தக் கோலத்தைப் பார்த்தவர்களாக இருப்பார்கள்.

புதிதாக வருபவருக்கு முதலில் திரை தெரிந்தாக வேண்டும், ஆராய்ச்சி பிறகு என்பார்கள். சரிதான், அதற்கு ஒரு தடவை போதும். கிரப்பில் கையால் சேர்த்தது அந்தப் பூட்டோடு போய்விடும் என்பதே அந்த முறையின் அழகு. என்விடியாவின் மூடிய போக்குதான் எல்லாவற்றுக்கும் வேர் என்ற வாதத்துக்கு இன்னும் வலு உண்டு. இரண்டு சிப்புகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் அதன் ஆப்டிமஸ் நுட்பம் 2010இல் வந்தபோது லினக்ஸுக்கு அந்நிறுவனம் வழி செய்யவில்லை. 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கேமரா முன் நடுவிரலைக் காட்டியது ஆப்டிமஸ் பற்றிய கேள்விக்குப் பதிலாகத்தான். ஆனால் தேவைப்படும் நிரலை மட்டும் என்விடியாவில் ஓட்டும் வசதி 2019இலேயே அதன் டிரைவரில் சேர்ந்தது. 2022இல் டூரிங் தலைமுறை முதலான சிப்புகளுக்குக் கெர்னல் மாட்யூலின் மூலநிரலும் திறக்கப்பட்டது. பழைய கோபத்தை வைத்து இன்றைய கறுப்புத் திரையை விளக்குவது சோம்பல். இன்று அடிக்கடி அகப்படும் காரணங்கள் சாதாரணமானவை: செக்யூர் பூட் கையொப்பமில்லாத மாட்யூலை மறுத்திருக்கும், அல்லது கெர்னல் புதுப்பித்தபோது ஹெடர் இல்லாமல், மாட்யூலை மறுபடி கட்டித்தரும் டிகேஎம்எஸ் தோற்றிருக்கும். இரண்டையும் நோமோட்செட் தீர்க்காது, மறைக்கும்.

லாக் படிப்பது எல்லோருக்கும் ஆகிற காரியமா? முழுவதும் படிக்க வேண்டியதில்லை. எல்எஸ்பிசிஐ கட்டளையை 'கே' தெரிவோடு ஓட்டினால் எந்தச் சிப்பை எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்று ஒரே வரியில் தெரியும். முந்தைய பூட்டின் கெர்னல் லாகை ஜர்னல்சிடிஎல் காட்டும். அதில் நூவோ, என்விடியா என்ற பெயர்களைத் தேடினால் போதும். நூவோதான் காரணம் என்று தெரிந்தால் 'நூவோ.மோட்செட்=0' என்று அதை மட்டும் நிறுத்தலாம், இன்டெல் தப்பிக்கும். செக்யூர் பூட் என்றால் மாட்யூலுக்குக் கையொப்பமிட்டு, அந்தச் சாவியை ஃபர்ம்வேரில் பதிய வேண்டும். அரை மணி நேர வேலை. உங்கள் லேப்டாப்பில் '/ப்ராக்/சிஎம்டிலைன்' கோப்பை ஒருமுறை திறந்து பாருங்கள். நோமோட்செட் இன்னும் அங்கே இருந்தால் அடுத்த பூட்டில் அதை எடுத்துவிட்டு, என்ன உடைகிறது என்று பாருங்கள்.