ஃப்ரிட்ஜுக்குள்ள ஏறின ஹீரோ: ஒரு தாமதமான விமர்சனம்

2008 மே மாதம் இண்டியானா ஜோன்ஸ் வரிசையில் நாலாவது படம் 'கிங்டம் ஆஃப் தி கிரிஸ்டல் ஸ்கல்' வந்தபோது, படம் பார்த்தவங்க பெரும்பாலும் ஒரே ஒரு பொருளைப் பத்தித்தான் பேசினாங்க. ஃப்ரிட்ஜ்.

பார்க்காதவங்களுக்காக: கதை நடப்பது 1957ல். நெவாடா பாலைவனத்தில் அணுகுண்டு சோதனைக்காகக் கட்டின பொம்மை ஊர் ஒண்ணில் இண்டி மாட்டிக்கிறார். எண்ணிக்கை ஓடிக்கிட்டிருக்கு. ஈயத் தகடு வைத்த ஃப்ரிட்ஜ் ஒன்றைப் பார்க்கிறார், உள்ளே ஏறி கதவைச் சாத்திக்கிறார். குண்டு வெடிக்குது. ஃப்ரிட்ஜ் பறந்து போய் எங்கேயோ விழுது. கதவைத் திறந்து எழுந்து நடக்கிறார். அவ்வளவுதான்.

இதை வைத்தே ஆங்கிலத்தில் 'நியூக் தி ஃப்ரிட்ஜ்' என்று ஒரு சொலவடை வந்தது. நல்லா ஓடின ஒரு படவரிசை நம்பகத்தன்மையை இழக்கிற இடத்துக்கு அதுதான் பேர். நானும் அன்றைக்குச் சிரிச்சவன்தான். சமீபத்தில் ஐந்து படங்களையும் வரிசையாகத் திரும்பப் பார்த்தேன். 'நம்ப முடியல' என்று நாம் சொன்னது சரிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு எளிய கேள்வி. பழைய படங்கள் நம்பும்படியா இருந்ததா? 1981ல் வந்த முதல் படத்தில் பெட்டியைத் திறந்ததும் ஆவிகள் வந்து நாஜிக்களின் முகத்தை மெழுகு மாதிரி உருக்குது. 1984ல் வந்த 'டெம்பிள் ஆஃப் டூம்' படத்தில் ஓடுகிற விமானத்திலிருந்து காத்தடைத்த ரப்பர் படகில் மூணு பேர் குதிக்கிறாங்க. பனிமலையில் சறுக்கி, பள்ளத்தாக்கில் விழுந்து, ஆற்றில் மிதந்து, கீறல்கூட இல்லாமல் இந்தியாவில் கரையேறுறாங்க. இதை ஏத்துக்கிட்டவங்களுக்கு ஃப்ரிட்ஜ் மட்டும் ஏன் தொண்டையில் சிக்கிச்சு?

வழக்கமாகச் சொல்ற பதில்: 'அப்போ நமக்குப் பத்து வயசு'. மூணாவது படம் 1989ல், நாலாவது 2008ல். நடுவில் 19 வருஷம். பார்த்தவர் வளர்ந்துட்டார், படம் வளரல. இதில் உண்மை இருக்கு, மறுக்கல. ஆனால் முழு உண்மை இல்லை. ஏன்னா பழைய படங்களை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குப் பிடிக்குது.

இன்னொரு பதில் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ். இதையும் யோசித்துப் பார்க்கலாம். 'டெம்பிள் ஆஃப் டூம்' கடைசியில் வர்ற கயிற்றுப் பாலம் ஞாபகம் இருக்கும். கதையை மாற்றச் சொல்லி இந்திய அரசு தயங்கியதால் படக்குழு இலங்கைக்குப் போனது. கண்டிக்குப் பக்கத்தில் நிஜமான பள்ளத்தாக்கின் மேல் நிஜமான பாலம் கட்டினாங்க. அதை நிஜமாவே வெடி வைத்து அறுத்தாங்க. விழுந்தது மட்டும் பொம்மைகள். அந்தப் படப்பிடிப்பில் ஹாரிசன் ஃபோர்டுக்கு முதுகுத்தண்டு வட்டு பிதுங்கி, அறுவை சிகிச்சைக்காக அமெரிக்கா போக வேண்டியிருந்தது. மீதிச் சண்டைகளில் பெரும்பகுதியை ஸ்டண்ட் நடிகர் விக் ஆம்ஸ்ட்ராங் செய்தார்.

இங்கேதான் எனக்கு ஒரு நூல் கிடைத்தது. இண்டியானா ஜோன்ஸ் மத்த ஹீரோக்களிடமிருந்து வேறுபடுவது தொப்பியாலோ சாட்டையாலோ இல்லை. அவருக்கு வலிக்கும். முதல் படத்தின் லாரி சண்டையை எடுத்துக்குங்க. கையில் குண்டு பாய்ஞ்சிருக்கு. எதிராளி சரியா அந்தக் காயத்திலேயே குத்துறான். லாரிக்கு அடியில் இழுபட்டுப் போய் திரும்ப ஏறி வர்றார். அடுத்து கப்பலில் மரியன் அவருக்கு மருந்து போடுற காட்சி. தொட்ட இடமெல்லாம் வலிக்குதுன்னு கத்துறார். 'அப்போ எங்கதான் வலிக்கல?' என்று அவள் எரிச்சலோடு கேட்க, முழங்கையைக் காட்டுறார். முத்தம் கேட்டு வாங்கியபடியே தூங்கிப் போறார். சண்டையில் பட்ட அடிக்கெல்லாம் அங்கே கணக்கு வருது. அதனால்தான் சண்டையை நம்புறோம்.

ஃப்ரிட்ஜ் காட்சியில் அந்தக் கணக்கு இல்லை. அணுகுண்டுக்கு அப்புறமும் மனுஷன் தூசி தட்டிட்டு எழுந்திருக்கிறார். அடுத்து வர்ற காட்டுத் துரத்தலும் அப்படித்தான். விழுறாங்க, மோதுறாங்க, யாருக்கும் எதுவும் ஆகல. 'நம்ப முடியல' என்று நாம் சொன்னதை 'வலிக்கல' என்று திருத்தி வாசிக்கணும்.

ரப்பர் படகில் யாருக்கு வலிச்சது என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி, என் வாதம் அங்கே கொஞ்சம் இடிக்குது. ஆனால் அதே படத்தின் பின்பாதியில் சாட்டையடி, சுரங்கத்தில் வேலை செய்ற குழந்தைகள், அம்ரிஷ் பூரி வெறுங்கையால் இதயத்தைப் பிடுங்குறது எல்லாம் இருக்கு. நம்ம ஊரில் 'தளபதி' பார்த்தவங்களுக்கு அவர் தரும் பயம் தெரியும். படகில் எடுத்த கடனைப் படம் பின்னாடி வட்டியோடு கட்டிடுது. அதுவும் அதிகமாகவே கட்டினதால்தான் அமெரிக்காவில் பிஜி-13 என்ற புதுத் தணிக்கைப் பிரிவு வந்ததுக்கு அந்தப் படமும் ஒரு காரணமானது. குரங்கு மூளை விருந்து காட்சி இந்தியர்களைப் புண்படுத்தியது தனிக்கதை. அன்றைக்கு அவ்வளவு திட்டு வாங்கின படத்தை, 2008ல் 'அந்தக் காலத்துப் படம் மாதிரி வருமா' என்று உதாரணம் காட்டினோம்!

ஃப்ரிட்ஜ் காட்சிக்கு ஒரு நியாயமும் செய்யணும். நெவாடாவில் 1955ல் இப்படி வீடுகள் கட்டி, உள்ளே பொம்மைகளை உட்கார வைத்து, நிஜமாவே குண்டு வெடிச்சுப் பார்த்திருக்காங்க. ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே வந்ததும் காளான் மேகத்துக்கு முன்னாடி தொப்பி போட்ட ஒரு சின்ன உருவம் நிற்கும். 1930களின் சாகசக்காரர் சாட்டையோடு வந்து சேர்ந்த புது உலகம் அது. முழுப் படத்திலும் சிறந்த ஷாட் அதுதான். சிரிப்பில் அதைத் தவற விட்டோம்.

இனி 2023. ஐந்தாவது படம் 'டயல் ஆஃப் டெஸ்டினி'. ஃபோர்டுக்கு 80 வயசு. இயக்கம் ஸ்பீல்பெர்க் இல்லை, ஜேம்ஸ் மேங்கோல்ட். 1944ல் நடக்கிற தொடக்கத்தில் கம்ப்யூட்டர் அவரை இளைஞராக்குது. அடுத்து 1969. தனியாக ஒரு அடுக்குமாடி வீட்டில், மேல்சட்டை இல்லாமல், தளர்ந்த உடம்போடு ஒரு கிழவர் தூக்கம் கலைந்து எழுந்திருக்கிறார். மகன் வியட்நாம் போரில் போய்ட்டான். மனைவி விவாகரத்துக் கேட்டிருக்கிறாள். நாம் கேட்ட வலி, கேட்டதுக்கு மேலேயே.

என்ன ஆச்சு? ஃப்ரிட்ஜ் படம் உலகம் முழுக்க ஏறக்குறைய 79 கோடி டாலர் வசூலித்தது. இது ஏறக்குறைய 38 கோடி. இத்தனைக்கும் 2008ல் ரசிகர்களைவிட விமர்சகர்கள் தாராளமாக இருந்தாங்க. 2023ல் நிலைமை தலைகீழ்: போய்ப் பார்த்த ரசிகர்களுக்குப் பிடித்தது, ஆனால் போனவங்க குறைவு. 'ஹீரோவை இப்படி உடைஞ்சு பார்க்க மனசு வரல' என்று நண்பர் ஒருவர் சொன்னார். நானும் தியேட்டருக்குப் போகல. ஆறு மாசம் கழித்து வீட்டில்தான் பார்த்தேன்.

வலிக்காதபோது பொய் என்றோம், வலித்தபோது வேண்டாம் என்றோம். நமக்கு வேண்டியிருந்தது அடி வாங்கினாலும் அடுத்த படத்தில் ஆறிப்போகிற வயசு. அதை எந்த இயக்குநராலும் தர முடியாது.

ஐந்தாவது படத்தின் கடைசியில் மரியன் திரும்பி வர்றாள். கப்பலில் கேட்ட அதே பழைய கேள்வி அங்கே திரும்ப வருது: எங்கே வலிக்கல? இந்த முறை காயம் உடம்பில் இல்லை, இரண்டு பேருக்கும் பொதுவானது. முழங்கை வந்ததும் என் கண் கலங்கிடுச்சு. அந்தக் காட்சியைத் தியேட்டரில் பார்த்திருக்கணும்.