வென்றவர் பாட்டும் தோற்றவர் புலம்பலும்

சயங்கொண்டார் இயற்றிய கலிங்கத்துப்பரணி, இன்று கிடைக்கும் பரணி நூல்களுள் காலத்தால் முந்தியது. அதன் சந்த நயத்தைப் போற்றாத தமிழாசிரியர் இலர். ஆயினும், அந்நூல் எதைப் போற்றுகின்றது என்னும் வினாவை நாம் போதிய அளவு எழுப்பியதில்லை.

போரின் காரணம் எளியது. முதற் குலோத்துங்கன் (1070-1120) காஞ்சியில் வீற்றிருந்தபோது சிற்றரசர் பலரும் திறை செலுத்தினர். வடகலிங்க வேந்தன் அனந்தவர்மன் மட்டும் இருமுறை திறை கொணரவில்லை. பேரரசன் சினந்தான், கருணாகரத் தொண்டைமான் படையுடன் புறப்பட்டான். இது நடந்தது கி.பி. 1110ஐ ஒட்டி. படை கடந்த ஆறுகளுள் பாலாற்றை அடுத்துக் குசைத்தலையைக் குறிக்கின்றார் கவிஞர். கொருக்குப்பேட்டைக்கு வடக்கே, எண்ணூரில் கடல் சேரும் நம் கொசத்தலை ஆறே அது.

'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் புகழ்பெற்றவன் திறைக்காகப் போர் தொடுத்தான். எதிரியோ அயலானும் அல்லன். அனந்தவர்மனின் தாய் இராசசுந்தரி சோழர் குலப்பெண். அவன் தோற்று ஒளிந்தான் என்கிறது பரணி. ஆனால் அதன் பின்னரும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவன் அரசாண்டதையும், பூரி செகந்நாதர் கோயில் திருப்பணியைத் தொடங்கியதையும் வரலாறு கூறுகின்றது. அப்படியாயின், களத்தில் மடிந்தோர் எதற்காக மடிந்தனர்?

நூலின் அமைப்பு இவ்வினாவை மேலும் கூர்மையாக்குகின்றது. பசியால் வாடும் பேய்கள் காளியிடம் முறையிடுகின்றன. போர் முடிந்ததும் களத்திலேயே கூழ் சமைக்கின்றன. மாண்டோரின் பற்கள் அரிசியாகின்றன. யானைத் தந்தம் உலக்கையாகின்றது. ஆடித் திங்களில் நம் தெருக்களில் பசித்தோர்க்கு வார்க்கும் கூழ், இங்கே கோரமான நகைச்சுவையாகிவிடுகின்றது.

இதே நிகழ்வைத் தோற்றவர் பக்கம் நின்று பாடிய நூலொன்றை நாம் அறிவோம். பாபிலோனியப் பேரரசன் நெபுகத்னேசர் அரியணையில் அமர்த்திய செதேக்கியா, அவனுக்கு எதிராகவே கிளர்ந்தெழுந்தான். கி.மு. 587ஐ ஒட்டி எருசலேம் அழிந்தது. அவ்வழிவைப் பாடும் புலம்பல் நூலிலும் ஓர் அடுப்பு எரிகின்றது. அங்கே பசித்தவை பேய்கள் அல்ல. பெற்ற பிள்ளைகளையே சமைக்கும் நிலைக்குத் தள்ளப்பட்ட அன்னையர். அதைப் படித்து யாரும் நகைக்க இயலாது. வெற்றி பெற்றவனின் அவைக்களத்தில் நின்று பாடிய சயங்கொண்டாருக்கு அந்த அடுப்பு தெரியவில்லை.

எனினும் அவர் முற்றிலும் பாராதிருந்தார் எனல் நேர்மையன்று. களத்தில் கணவனைத் தேடிவரும் பெண்ணொருத்தி, எவர் எதிர்ப்பினும் புறங்காட்டாத அந்தத் தோள் எங்கே என்று பைரவியிடம் கேட்கிறாள். அவள் சோழ நாட்டவளா, கலிங்கத்தவளா என்று கவிஞர் சொல்லவில்லை. அவளுக்கு மறுமொழியும் இல்லை. இதைக் கொண்டு பரணியைப் போர் எதிர்ப்பு நூல் என்று கொள்வது மிகையாகும். அவர் மன்னனை மனமாரவே வாழ்த்துகிறார். ஆயினும் உண்மைக் கவிஞன் தன் நோக்கத்தையும் மீறிக் காண்கிறான் என்பதற்கு இவ்விடம் சான்று.

ஆகவே பரணியை ஒதுக்கிவைத்தல் வேண்டா. நம் பிள்ளைகளுக்கு அதைக் கற்பிக்கும்போது, படை எழுச்சியின் சந்தத்தோடு அப்பெண்ணின் கேள்வியையும் சேர்த்தே கற்பிப்போம். கருணாகரன் கொணர்ந்த யானைகளும் செல்வமும் குலோத்துங்கனின் அடியில் வைக்கப்பட்டன. அக்கணக்கில் அவளுடைய இழப்பு இடம்பெறவில்லை என்பதையும் அவர்கள் அறியட்டும்.