மணிகள் பாடும் இடம்

பிரிட்டிஷ் ராக் குழுவான குயினின் 'பைசிகிள் ரேஸ்' பாட்டில் ஓர் இடம் வரும். பாடுவது நின்றுபோய், சைக்கிள் மணிகள் பாட்டைக் கையில் எடுத்துக்கொள்ளும். ஒன்றல்ல, இரண்டல்ல, ஒரு கூட்டமே அடிக்கும்! கணீரென்று ஒன்று, கரகரவென்று ஒன்று, அவசரக்காரன் கட்டைவிரல் பட்டதுபோல் படபடவென்று இன்னொன்று. எத்தனையோ வருடமாகக் கேட்கிறேன், ஒரு தடவைகூட அந்த இடத்தை உட்கார்ந்தபடி கடந்ததில்லை.

1978இல் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோவில், ஜெனீவா ஏரிக்கரையில், 'ஜாஸ்' ஆல்பத்துக்காகக் குயின் குழுவினர் தங்கியிருந்தார்கள். அந்த வருட டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 18ஆவது கட்டம் அந்த ஊர் வழியாகப் போனது. குழுவின் பாடகர் ஃப்ரெட்டி மெர்க்குரி பார்த்தார், இந்தப் பாட்டை எழுதிவிட்டார். பந்தயத்தை வென்றவர் பெர்னார் இனோ. மொத்தம் ஐந்து முறை வென்ற அந்த மகா வீரருக்கு அதுதான் முதல் வெற்றி. ஆனால் பாட்டில் இனோவும் இல்லை, முன்னணி வீரர் அணியும் மஞ்சள் ஜெர்சியும் இல்லை. சைக்கிளில் ஏறிப் போயே ஆகவேண்டும் என்கிற ஆசை மட்டும்தான் இருக்கிறது. ஊரே கொண்டாடிய சினிமாக்கள், வாட்டர்கேட், வியட்நாம் என்று அந்தக் காலத்துப் பேச்செல்லாம் வரிசையாக வரும். எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பாடுகிறவர் சைக்கிளிடமே திரும்பிப் போவார். சாலையோரம் நின்று பந்தயம் பார்த்தவர்களுக்கு இது புரியும். அத்தனை சைக்கிள்களும் சர்ரென்று கடந்துபோன பிறகு யார் முதலில் என்பதா மனசில் நிற்கும்? கால்தான் பரபரக்கும்.

தாளத்தைக் கவனியுங்கள். நாலு நாலாக நடந்துகொண்டிருக்கிற பாட்டு, பந்தயம் வருகிறது என்று அறிவிக்கிற இடத்தில் சட்டென்று ஆறெட்டுக்குத் தாவுகிறது. நம்மூர் ரசிகர் தொடையில் தட்டிப் பார்த்தால் சதுஸ்ரம் திஸ்ரமாவதைக் கையிலேயே உணர்வார். மேட்டை மூச்சுவாங்க ஏறிவந்து, பெடலை விட்டுவிட்டு இறக்கத்தில் உருளுகிற சுகம் அது. மூன்று நிமிஷப் பாட்டுக்குள் இதைச் செய்ய அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

மணிகள் அடங்கியதும் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மேயின் கிட்டார்கள் ஒன்றையொன்று துரத்தும். ஒருவரே பல அடுக்காக வாசித்துப் பதிந்தது. ஒரு கிட்டார் முந்தும், அடுத்தது அதன் பின்சக்கரத்தை ஒட்டியே வரும். மணிகளுக்கு அடுத்தபடியாக என் உயிர் இந்தத் துரத்தலில்தான் இருக்கிறது. அந்தக் கிட்டார் பிறந்த கதை தெரிந்த நாள் முதல் இன்னும் கூடுதலாக. 1963இல், பிரையன் மே பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது, அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே செய்யத் தொடங்கியது. கழுத்து, பழைய கணப்படுப்பின் மேல்சட்ட மரம். உள்ளே இருப்பவை பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். சுரத்தை நடுக்குகிற அந்தக் கைப்பிடி இருக்கிறதே, அது சைக்கிளில் பை மாட்டுகிற கம்பி! சைக்கிள் பந்தயத்தைப் பாடுகிற பாட்டில், ஒரு சைக்கிளின் துண்டே கூடச் சேர்ந்து பாடுகிறது. இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 1978இல் சிங்கிளாக வந்து பிரிட்டனில் 11ஆம் இடம், அமெரிக்காவில் 24 வரை ஏறியது. இதே குழு முந்தைய வருடம் தந்த 'வீ ஆர் தி சாம்பியன்ஸ்' எல்லா மைதானங்களிலும் முழங்குகிறது. முழங்கட்டும். அது ஜெயித்தவர்களின் பாட்டு. இது ஓட்டுகிறவர்களின் பாட்டு, என் ஓட்டு இதற்குத்தான். கச்சேரிகளுக்கு ரசிகர்கள் சைக்கிள் மணியோடு போய், அந்த இடம் வந்ததும் சேர்ந்து அடிப்பார்களாம். அந்த அரங்கில் நிற்க என்னவெல்லாம் கொடுப்பேன்!

போன மாதம் என் சைக்கிள் மணி துருவேறி ஊமையாகிவிட்டது. கடையில் ஏழெட்டு மணிகளை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார் கடைக்காரர். இல்லை அண்ணே, ஒன்றில்லை. கண்ணை மூடிக் கேட்டு, நீளமாகக் கார்வை நின்ற ஒன்றை எடுத்துக்கொண்டேன். காலையில் ஆள் நடமாட்டமில்லாத சாலையில் அந்தப் பாட்டை முனகிக்கொண்டே மிதிக்கிறேன். அந்த இடம் வந்ததும் கட்டைவிரல் தானாகப் போய்விடுகிறது.