குல்ஃபிப் பானை

சிவப்புத் துணி சுற்றிய மண்பானையைக் குல்ஃபிக்காரர் குலுக்கும்போது எழும் கரகரப்பு எனக்குப் பிடிக்கும். உடைத்த ஐஸும் கல்லுப்பும் தகரக் கூம்புகளில் உரசும் சத்தம் அது. உப்பு கலந்த ஐஸ் மைனஸ் 21 டிகிரி வரைகூடக் குளிரும். அந்தக் குளிர் வேண்டும். சர்க்கரை கரைந்த, சுண்டக் காய்ச்சிய பால் வெறும் தண்ணீரைப் போலப் பூஜ்ஜியத்தில் இறுகிவிடாது. கூம்பும் சும்மா இல்லை. மெல்லிய தகரம் சூட்டைச் சட்டென்று வெளியே விட்டுவிடும். ஒடுங்கிய நுனி முதலில் உறையும், அகன்ற பக்கம் கடைசியில்தான்.

அவருக்கு அவசரமே கிடையாது. ஐஸ் கரையக் கரைய இன்னும் கொஞ்சம் போடுகிறார், மேலே ஒரு கை உப்பு. ஒரு கூம்பை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்க்கிறார். தளும்பினால் மறுபடி பானைக்குள். இறுகியதை உள்ளங்கைகளுக்கிடையே நாலு உருட்டு உருட்டினால் வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. காற்றடித்த ஐஸ்கிரீம் வாயில் வைத்ததும் காணாமல் போகும். இதைக் கடித்துத்தான் தின்ன வேண்டும்.