தொடையிடுக்கு தரும் விலை

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வால்வு கோளாறோடு பெங்களூருக்கு வருகிற பலரும் இப்போது கேட்கும் கேள்வி, "நெஞ்சைப் பிளக்காமல் செய்ய முடியுமா டாக்டர்?" முடியும். வலது மார்புக்குக் கீழே ஐந்தாறு சென்டிமீட்டர் கீறலிலேயே மைட்ரல் வால்வைச் சரிசெய்துவிடுகிறார்கள். மார்பெலும்பை அறுக்காததால் நோயாளி சீக்கிரம் எழுந்து நடமாடுகிறார். இந்த லாபம் உண்மையானது. ஆனால் அதற்கான விலையைத் தருவது தொடையிடுக்கு; அதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

நெஞ்சைத் திறந்தால் இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களை இதயத்தருகிலேயே செருகலாம். சிறு கீறலில் அதற்கு இடமில்லை. ஆகவே தொடைத் தமனியும் சிரையும். 1950களில் தொடைதான் வழக்கமான வழி. பிறகு பெருந்தமனிக்கு மாறினார்கள். 1990களின் நடுவில் இந்தச் சிறு கீறல் அறுவை வந்ததும் தொடை திரும்பிவந்தது.

முதலில் மெல்லிய கம்பி. உணவுக்குழாய்க்குள் வைத்த எக்கோவில், இறங்கு பெருந்தமனிக்குள் அது வெள்ளைக் கோடாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் குழாயை ஏற்றக்கூடாது. கம்பி தமனிச் சுவருக்குள் புகுந்திருந்தால், இயந்திரம் ஓடியதும் இரத்தம் சுவரின் அடுக்குகளைப் பிரித்துக்கொண்டு மேலேறும். அரிதுதான், ஆனால் உயிரைப் பறித்துவிடும். இந்த முறையின் பாதுகாப்பே அந்த ஒரு நிமிடப் பொறுமையில் இருக்கிறது என்பேன்.

வாதக் காய்ச்சலால் வால்வு கெட்ட இளம்பெண்கள் ஜெயதேவா போன்ற மருத்துவமனைகளுக்கு இன்னும் வருகிறார்கள். அவர்களுக்குப் பெருந்தமனி பெரும்பாலும் கொழுப்புப் படிவு இல்லாமல் சுத்தமாக இருக்கும். சிக்கல் தமனியின் அளவில். 18 பிரெஞ்ச் அளவுக் குழாயின் வெளிவிட்டம் 6 மி.மீ. ஒல்லியான பெண்ணின் தொடைத் தமனியை அதுவே அடைத்துவிடலாம். இரண்டு மூன்று மணி நேரம் காலுக்கு இரத்தம் போகாவிட்டால் தசை வீங்கி, நரம்பும் கெடும். இதற்கு வழி உண்டு: சிறிய குழாய், காலை நோக்கி இன்னொரு மெல்லிய குழாய், அல்லது தமனியின் பக்கவாட்டில் தைத்த 8 மி.மீ. செயற்கைக் குழாய். கெண்டைக்காலில் ஆக்சிஜன் உணரி ஒட்டுவதை நான் விருப்பத்துக்கு விடமாட்டேன்.

கீறாமல் ஊசி வழியே குழாய் ஏற்றுவதில் நிணநீர்க் கசிவும் தொற்றும் குறைவு. ஆனால் மூடும் தையல் கருவி பிசகினால் இரத்தக் கசிவோ அடைப்போ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. குறுகிய தமனிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறி, பார்த்துச் செய்வதே மேல்.

முதியவர்களிடம் ஆபத்து வேறு. கீழிருந்து மேலே பாயும் இரத்தம் பெருந்தமனியின் கொழுப்புப் படிவைப் பெயர்த்து மூளைக்கு அனுப்பலாம். சி.டி. எடுக்காமல் தொடையைத் தொடவே கூடாது. படிவு நிறைய இருந்தால் காறையெலும்புக்குக் கீழுள்ள தமனி இருக்கிறது. நெஞ்சைத் திறக்கும் பழைய வழியும் இருக்கிறது. அந்தப் பழைய வழியை இரண்டாந்தரமாகச் சொல்லி நோயாளியைச் சங்கடப்படுத்துவது தவறு.