ஐம்பது நாள்களுக்குப் பின்: புதுக் கத்தோலிக்கரின் விசுவாச வளர்ப்பும் இரு நூல் மரபுகளும்

ஞானஸ்நானத்திற்கு முன் ஒருவருக்குத் திருச்சபை என்ன கற்பிக்க வேண்டும் என்பதைப் பற்றி நாம் மிகுதியாகப் பேசியிருக்கிறோம். ஞானஸ்நானம் பெற்ற மறுநாளிலிருந்து அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையில் புதிதாகச் சேர்ந்தவரின் விசுவாசம் அன்றாடப் பங்கு வாழ்வில் எங்ஙனம் வளர்க்கப்படுகிறது என்பதை, அந்நோக்கத்திற்கென எழுந்த நூல்களைக் கொண்டு திறனாய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆய்வுக்குரியவை இரண்டு: 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் தோன்றிய தமிழ் நூல்கள், 1972இல் உரோமை வெளியிட்ட, வயது வந்தோருக்கான கிறிஸ்தவப் புகுமுகச் சடங்குமுறை. இவ்விரண்டையும் உரைத்துப் பார்க்கும் கல்லாகப் பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் இடையே உள்ள லைட்ஹவுஸ் குப்பத்தைக் கொள்வோம். நூலின் தகுதி நூலகத்தில் தெரிவதில்லை. அது யாருக்காக எழுதப்பட்டதோ அவர்தம் வாசலில்தான் தெரியும்.

1. கடற்கரையில் எழுந்த நூல்கள்

1535 முதல் 1537 வரையுள்ள ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர் பெருந்திரளாக ஞானஸ்நானம் பெற்றனர். போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடி எடுத்த முடிவு அது. போதனை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அம்மக்கள் அறிந்திருந்தது சிறிதே. அவர் முதன்மையான செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடமாகக் கற்பித்து, தாம் அகன்ற பின்னும் அப்பணி தொடர்வதற்காக ஊர்தோறும் ஒரு கணக்கப்பிள்ளையை அமர்த்தினார். இவ்வாறு, ஞானஸ்நானத்திற்குப் பிந்திய வளர்ப்பு என்னும் பணி தமிழகத்தில் ஒரு பற்றாக்குறையை ஈடுசெய்யும் முயற்சியாகவே தொடங்கிற்று என்பது நோக்கத்தக்கது.

அம்முயற்சிக்கு நூல்வடிவம் தந்தவர் அண்டிரிக் அடிகளார். 1547 அளவில் அக்கரைக்கு வந்து, 1600இல் மறையும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு அங்கு உழைத்தவர். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களே கொண்ட செப நூல். 1579இல் கொச்சியில் வெளிவந்த 'கிரீசித்தியானி வணக்கம்' ஆசிரியனும் மாணாக்கனும் வினவி விடையிறுக்கும் போதனை நூல். 1580இல் வெளிவந்தது பாவசங்கீர்த்தனத்திற்கு ஆயத்தம் செய்யும் நூல். 1586இல் வந்த 'அடியார் வரலாறு' புனிதர்களின் சரிதைகளை விரித்துரைக்கும் பெருநூல். இவற்றுட் சிலவற்றை இயேசு சபை அறிஞர் இராசமாணிக்கம் 1960களில் மறுபதிப்பாகக் கொணர்ந்தமையால் நாமும் படிக்க இயல்கிறது.

இவ்வரிசையில் ஒரு திட்டம் புலப்படுகிறது. முதலில் நாவுக்குச் செபம். அடுத்து அறிவுக்குப் போதனை. பின்பு மனச்சான்றுக்குச் சோதனை. இறுதியில் வாழ்வுக்குத் துணையாக முன்சென்ற அடியார் கூட்டம். விசுவாசத்தை ஒரு பாடமாக மட்டும் கருதியவர் இரண்டாம் நூலோடு நின்றிருப்பார். அடிகளார் நிற்கவில்லை.

இந்நூல்களின் மொழியிலும் ஒரு படிப்பினை உண்டு. இறைவனைக் குறிக்கத் 'தம்பிரான்' என்னும் நாட்டுச் சொல்லை எடுத்தாண்ட அதே கை, பாவசங்கீர்த்தன நூலுக்கு அயல்மொழிப் பெயரையே ஒலிபெயர்த்து இட்டது. அதாவது, வணங்கப்படுபவர் ஊர்க்காரராகிவிட்டார்; சடங்கோ இன்னும் கப்பலைவிட்டு இறங்கவில்லை. புலவர்கள் இவ்வுரைநடையின் பேச்சுவழக்கைக் குறை கூறலாம். ஆயினும் வலை இழுப்பவர் காதுக்கு எட்ட வேண்டும் என்ற கவலையால் பிறந்த நடை அது. அக்கவலை இலக்கணப் பிழைகளுக்கு ஈடு செய்து நிற்கிறது.

2. இரு குறைகள்

சீர்திருத்தத் திருச்சபையினர் இந்நூல்களில் உடனே காணும் குறை ஒன்று உண்டு: திருமறை இல்லை. தமிழில் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறுவதற்கு 1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் வெளியிடும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இக்குறை உண்மையானது, சிறியதும் அன்று. ஆனால் அவ்வளவில் தீர்ப்புக் கூறிவிட வரலாறு இடந்தரவில்லை. 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருக்களை அகற்றிய பின்னும், பரதவர் சீர்திருத்த சபைக்கு மாறவில்லை. கணக்கப்பிள்ளையும், மனப்பாடச் செபமும், மாதாவின் திருவிழாவும், சாதித் தலைவரின் கட்டுக்கோப்பும் அவர்களைத் தாங்கி நின்றன.

பழவேற்காடு இதையே வேறு விதமாகச் சொல்கிறது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் அங்குக் குடியேறினர். அங்குள்ள மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கத்தைக் கோவில் மரபு 1515ஆம் ஆண்டிற்கே கொண்டு செல்கிறது. பின்னர் வந்த டச்சுக்காரர் 1613இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினர். 1632 முதல் 1642 வரை அங்குச் சபைக்குருவாயிருந்த ஆபிரகாம் ரோகேரியுஸ், பத்மநாபன் என்னும் பிராமணரிடம் கேட்டறிந்து இந்து சமயத்தைப் பற்றி எழுதிய அரிய நூல் 1651இல் வெளிவந்தது. அறிஞர் உலகம் அதனை இன்றும் போற்றுகிறது. ஆனால் கடலோடிகளுக்கென அண்டிரிக் செய்தது போன்ற நூல்வரிசை ஒன்றை அவர் விட்டுச் செல்லவில்லை. இன்று பழவேற்காட்டில் டச்சுக்காரருக்கு எஞ்சியிருப்பது கல்லறைத் தோட்டம். மாதாவுக்கு எஞ்சியிருப்பதோ நடுவூர் மாதாகுப்பம் என்னும் உயிருள்ள ஊர்ப்பெயர்.

எனினும் அடிகளாரின் நூல்களில் இரண்டாவதொரு குறையும் உண்டு, அதுவே ஆழமானது. அவற்றில் செபிக்கிறவர், கற்கிறவர், பாவத்தை அறிக்கையிடுகிறவர் ஆகியோர் உள்ளனர். உழைக்கிறவர் மங்கலாகவே தெரிகிறார். புனிதர் சரிதை இலக்கியத்தில் பேதுருவும் அந்திரேயாவும் வலையை விட்டு வந்ததற்காகவே போற்றப்படுகின்றனர். வலையை விடாமல், அதனோடு நாள்தோறும் கடலுக்குச் செல்பவரின் பரிசுத்தம் எத்தகையது என்ற வினா எழுப்பப்படவில்லை.

3. உரோமையின் சடங்குமுறை

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, பண்டைத் திருச்சபையின் படிப்படியான புகுமுக நிலையை மீட்க ஆணையிட்டது. அதன் விளைவே 1972ஆம் ஆண்டுச் சடங்குமுறை. இதில் ஞானஸ்நானம் முடிவன்று. உயிர்ப்புப் பெருவிழாவின் திருவிழிப்பில் ஞானஸ்நானமும் உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்றவர், பெந்தெகொஸ்தே வரையுள்ள ஐம்பது நாள்களில், தாம் பெற்றவற்றின் பொருளைச் சபையோடு கூடிச் சிந்தித்து உணர வேண்டும். நான்காம் நூற்றாண்டில் எருசலேமின் சிரிலும் மிலானின் அம்புரோசும் புதிதாய் ஞானஸ்நானம் பெற்றோருக்கு ஆற்றிய விளக்கவுரைகளின் மரபு இது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் புதியவர்களுக்குத் தொடர்ந்த போதனை வேண்டும் என்கிறது.

இச்சடங்குமுறையின் சிறப்பு, புதியவரை வளர்ப்பது குருவின் தனிக்கடமையன்று, ஞானஸ்நானம் பெற்ற அனைவரின் கடமை என அது உரைப்பதில் உள்ளது. பழைய கணக்கப்பிள்ளையின் வேலையை இங்கு முழுப் பங்கும் ஏற்கிறது. முன் சொன்ன முதற்குறையும் இங்கு நீங்கிவிட்டது. அவ்வைம்பது நாள்களின் திருப்பலி வாசகங்களே முதன்மைப் போதனையாக வைக்கப்பட்டுள்ளன.

ஆனால் இரண்டாம் குறை நீங்கவில்லை. போதனையின் இடம் ஆலயம், காலம் ஞாயிறு, பொருள் திருவருட்சாதனம். மற்ற ஆறு நாள்களின் இறையியல் அந்தந்த நாட்டாருக்கு விடப்பட்டுள்ளது. சூழலுக்கேற்ப மாற்றியமைக்க ஆயர் பேரவைகளுக்கு அதிகாரம் வழங்கப்பட்டிருப்பதால், இப்பொறுப்பு உரோமையைவிட நம் நாட்டாரையே சாரும்.

4. குப்பத்து அளவுகோல்

லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு மீனவர் கத்தோலிக்க ஞானஸ்நானம் பெறுகிறார் என வைத்துக்கொள்வோம். கடலோரக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து தலைக்கட்டுக் கணக்கில் வரி தண்டி அம்மன் திருவிழா நடத்துவது வழக்கம். இவர் அவ்வரியைக் கொடுப்பதா, மறுப்பதா? கொடுத்தால் கோவிலில் கேள்வி. மறுத்தால் ஊரில் கேள்வி. கொரிந்து சபையார் பவுலிடம் கேட்ட வினாவுக்கு இது மிக நெருங்கியது. செப நூலில் இதற்கு விடையில்லை. ஐம்பது நாள் விளக்கத்திலும் இல்லை.

ஏரியின் தென்பகுதியில் 'பாடு' என்னும் முறை உண்டு. மீன்பிடி இடங்களைச் சீட்டுப்போட்டு, உரிமையுள்ள தலைக்கட்டுகளிடையே முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகியவை இவ்வுரிமையுடைய ஊர்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலையாக வாய்த்துவிடாதபடி காக்கும் நீதி இதில் உண்டு. இவ்வட்டத்திற்கு வெளியே நிற்கும் இருளர் முதலிய ஏழையரை விலக்கும் அநீதியும் உண்டு. நற்கருணையில் ஒரே அப்பத்தைப் பகிர்ந்தவர் இப்பங்கீட்டை எந்தக் கண்ணால் காண வேண்டும்? முகத்துவாரம் தூர்ந்து ஏரியின் வளம் குன்றும்போது இவ்வினா இன்னும் கூர்மையடைகிறது.

சட்டமும் புதியவரின் விசுவாசத்தைத் தொடுகிறது. தமிழ்நாட்டுப் பட்டியலில் மீனவர் கிறிஸ்தவராயினும் மிகவும் பிற்படுத்தப்பட்டோராகவே தொடர்கின்றனர். தாழ்த்தப்பட்ட வகுப்பினரோ 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரானதும் அட்டவணைச் சலுகையை இழக்கின்றனர். ஒரே தொட்டியில் ஞானஸ்நானம் பெற்ற இருவருள் ஒருவருக்கு அது செலவில்லாதது. மற்றவருக்குப் பெரும் விலையுடையது. இதை அறியாத பங்கு, விலை கொடுத்தவரை வளர்க்க இயலாது.

இந்த இடத்தில்தான் தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளில் 1990கள் முதல் பரவிய 'அன்பியம்' கவனத்திற்குரியது. அண்டை வீட்டார் சிலர் ஒரு வீட்டில் கூடித் திருமறையை வாசித்து, தம் வாழ்வோடு பொருத்திப் பேசும் அமைப்பு இது. வரியைப் பற்றியும் பாட்டைப் பற்றியும் சபையில் பேசக்கூடிய ஒரே இடம் இது எனலாம். அதனைச் செபமாலைக்கும் சந்தா வசூலுக்கும் மட்டும் பயன்படுத்துவது, கையிலுள்ள நல்ல வலையைக் கரையிலேயே உலரவிடுவதாகும்.

5. நமக்குரிய வினா

இத்திறனாய்வு பிறர் வீட்டைப் பற்றியதாக முடிந்துவிடலாகாது. திருமறையைத் தமிழில் தந்தோம் என்பது நம் மரபின் பெருமை. நூலைக் கையில் கொடுத்ததோடு, வாசிப்பவருக்குத் துணையையும் கொடுத்தோமா? திடப்படுத்தல் வகுப்பு முடிந்ததும் நம் போதனையும் முடிந்துவிடுகிறது. அண்டிரிக்கின் நான்கு நூல்களுள் இரண்டாவதற்கு மட்டுமே ஒப்பானது நம் வகுப்பு. கத்தோலிக்கருக்குத் துணை இருந்து நூல் தாமதித்தது. நமக்கு நூல் இருந்து துணை தளர்ந்தது. இரு குறைகளுக்கும் மருந்து ஒன்றே.

யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரம் அம்மருந்தைச் சுட்டுகிறது. உயிர்த்தெழுந்த ஆண்டவரைக் கண்ட பின்னரும் சீடர்கள் மீன்பிடிக்கச் சென்றனர். ஆண்டவர் அவர்களை அதற்காகக் கடிந்துகொள்ளவில்லை. வலை எப்பக்கம் வீச வேண்டும் எனக் கூறினார். கரையில் நெருப்பு மூட்டி உணவு ஆயத்தம் செய்தார். அவர்கள் உண்ட பின்னரே பேதுருவிடம் அன்பைக் குறித்து வினவி, மந்தையை ஒப்படைத்தார். ஞானஸ்நானத்திற்குப் பிந்திய போதனையின் வரிசை இதுவே: முதலில் வேலை, பின்பு பந்தி, அதன்பின் வினா, இறுதியில் பொறுப்பு. புதியவரைப் பள்ளிப் பிள்ளையாக நெடுங்காலம் அமர்த்தி வைக்காமல், அவர் படகிறங்கும் கரைக்குச் சென்று காத்திருக்கும் சபையே அவரை வளர்க்கும். அத்தகைய சபை எந்தப் பெயர் தாங்கியதாயினும், நாம் அதனிடம் கற்றுக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை.