ஒற்றை மேற்கோளுக்குள் ஓர் ஒழுங்கு

கிட் (Git) மென்பொருளின் சோதனைக் கோப்புகளை மேலிருந்து கீழே நிதானமாக வாசிப்பதில் தனிச் சுகம் இருக்கிறது. பெரும்பாலும் சாதாரண ஷெல் ஸ்கிரிப்ட்தான். ஒவ்வொரு சோதனைக்கும் ஒற்றை மேற்கோளுக்குள் ஒரு தலைப்பு. அதே வரியின் கடைசியில் இன்னொரு ஒற்றை மேற்கோள் திறக்கும். உள்ளே கட்டளைகள் ஒரு டேப் தள்ளி வரிசையாக நிற்கும். எல்லாம் முடிந்ததும் அந்த மேற்கோள் இடது ஓரத்தில், தனி வரியில் வந்து மூடும். கட்டளைக்குக் கட்டளை && குறி. சரம் தொடுக்கையில் ஒரு முடிச்சு விட்டால் பூ உதிர்வதுபோல, ஒரு குறி விடுபட்டால் நடுவில் நேர்ந்த தோல்வி சத்தமில்லாமல் நழுவிவிடும். அதைப் பிடிக்கவும் தனிச் சரிபார்ப்பு உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்னக் குறும்பு. சோதனைகள் ஓடுவதற்கான தற்காலிகக் கோப்புறையின் பெயர் ‘டிராஷ் டைரக்டரி’ என்று தொடங்கும். நடுவில் வேண்டுமென்றே வைத்த ஓர் இடைவெளி. மாறியை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க மறந்தவரின் நிரல், பாதையை அங்கேயே இரண்டாகப் பிளந்துகொண்டு தடுக்கி விழும். வேறு நுணுக்கங்களும் உண்டு. பல வரி உரையைத் தரும் இடத்தில் ஒரு சிறு கோடு முன்னாலுள்ள டேப்களைக் களைந்துவிடும். ஒரு பின்சாய்வுக் கோடு டாலர் குறிகளை விரிக்காமல் அப்படியே விட்டுவைக்கும். எல்லாம் சரியென்றால் ‘ஓகே’ வரிகள் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும். பலர் எழுதியும் ஒரே கையெழுத்தாகத் தெரியும் நிரல் இது. நிரல் எழுதுகிறவர்கள் ஒரு கோப்பையாவது முழுதாக வாசித்துப் பாருங்கள்.